‘சரி’ என்று சொன்ன துரை

எங்கள் அப்பாவின் கறுப்புக் கோட்டு, எனக்குப் பத்து வயதான ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தகரப் பெட்டியிலிருந்து காணாமற்போகத் தொடங்கியது. அந்தி சாய்வதற்குள் மடிப்புக் குலையாமல் அதே இடத்துக்குத் திரும்பியும் வந்துவிடும். அப்பா அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கங்காணி. தலைப்பாகையும் கோட்டும் இல்லாமல் அவர் வாசற்படியைத் தாண்டியதை நான் கண்டதில்லை. ஆனால் ஞாயிறு பிற்பகல் அவர் உறங்கும் நேரம். அந்த உறக்கத்தை நம்பித்தான் அவருடைய தம்பி, என் சித்தப்பா, கோட்டை எடுத்துச் சென்றார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடைபெற்ற உரிமை வகுப்பில் அவர் தோட்டத் துரையாக நடித்துக்கொண்டிருந்தார் என்பதை வீட்டில் அப்பாவைத் தவிர அனைவரும் அறிந்திருந்தோம்.

அந்த வகுப்பைப் பற்றியும் அதன் பின் நடந்ததைப் பற்றியும் எங்கள் உறவினரிடையே இன்றும் பல கதைகள் உலவுகின்றன. அவற்றுட் சில என் பெற்றோரின் மதிப்புக்கு ஏற்றவையல்ல. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதி வைப்பது என் கடமையெனக் கருதுகிறேன். நாங்கள் கூச்சலிட்டு எதையும் பெற்ற குடும்பத்தினர் அல்லர்.

தோட்டம் கடுகண்ணாவைக் கணவாய்க்கு மேலே இருந்தது. கண்டிக்கு ஏறும் ரயிலின் மூச்சிரைப்பு காலையிலும் மாலையிலும் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குக் கேட்கும். காற்று வாகாக வீசினால் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தின் மணம் போர்வைக்குள்ளும் வந்து எழுப்பும். தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றுச் சிறிது காலமே ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். அவருடைய கதிரையில் சிங்களக் கனவான் ஒருவர் வந்தமர்ந்தார். கதிரை மாறவில்லை, பங்களா மாறவில்லை, பங்களாவின் முன்னால் ஓடிய தார் ரோட்டைப் பற்றிய முறையும் மாறவில்லை.

லயங்களுக்குக் கீழே ஓர் இரும்புக் கேட்டில் தொடங்கி, பங்களாவின் ரோசாச் செடிகளை உரசிக்கொண்டு இறங்கி, கண்டிப் பெருந்தெருவில் பஸ் நிற்கும் இடத்திலேயே போய்ச் சேரும் ரோட்டு அது. துரையின் ஜீப் அதிற் போகலாம். ரொட்டி விற்கும் பாண்காரரின் வண்டி போகலாம். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் போகலாம். தொழிலாளர் கால் வைக்கக் கூடாது. அப்படியோர் அறிவிப்புப் பலகை அங்கே இருக்கவில்லை. யாரும் கால் வைக்காத இடத்தில் பலகை எதற்கு?

எங்களுக்கென்று இருந்த பாதை தொழிற்சாலைக்குப் பின்னால் இறங்கி, ஓடையைக் கடந்து, மலையைச் சுற்றிக்கொண்டு போனது. மழைக்காலத்தில் ஓடை இடுப்பளவுக்கு வரும். அட்டைகள் முழங்காலுக்கு ஏறும். அந்தப் பாதையால் போய்க் காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் இருள் விலகுமுன்னரே புறப்பட வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கப் பையன்களிற் சிலர் ஓடையைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் போவதில்லை. முந்திய ஆண்டு ஒருத்தி போய்ப் பார்த்தாள். ஓடையில் வழுக்கி விழுந்து, புத்தகப் பையைத் தண்ணீரோடு விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த வாரம் அவளுடைய முதுகில் கொழுந்துக் கூடை இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பை முடித்தபோது என்னோடு இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் தேறியிருந்தார்கள். ஒருத்தி, மழைநீர் ஓடத் தேயிலை மலையில் கான் வெட்டுபவரின் மகள். மற்றவள், லயத்து வாசல்களைக் கூட்டுபவரின் மகள். கண்டிப் பட்டணத்துப் பாடசாலை ஒன்று எங்கள் மூவருக்கும் இடம் தந்திருந்தது. ஒரே வாங்கில் நெருங்கி அமர்ந்து படித்தவர்கள்தாம் நாங்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது, யாருடைய வாசலில் யார் எவ்வளவு தொலைவில் நிற்பது என்பவற்றுக்கெல்லாம் ஒழுங்குகள் இருந்தன. அவற்றை இங்கு விவரிக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டுக்குள் அவ்விருவரும் அதுவரை வந்ததில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

உரிமை வகுப்பை நடத்தியவர் கண்டியிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. பிறப்பால் யாழ்ப்பாணத்தவர். வார நாட்களில் பட்டணத்துப் பாடசாலையொன்றில் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்மையொத்த சிலரோடு சேர்ந்து தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் போய் மக்களுக்கு அவர்களுடைய உரிமைகளைச் சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் அவர் ஒரு பெரிய படத்தாளை மடுவத்துத் தூணில் தொங்கவிட்டு, உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட உரிமைகளை ஒவ்வொன்றாக விளக்கினார். வாரம் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்கள் தூண்களிற் சாய்ந்து உறங்கினார்கள். இடையில் விழித்த ஒருத்தி கேட்டார்.

“டீச்சர், இதெல்லாம் நமக்குமா? இல்ல, அந்த நாட்டுக்காரங்களுக்கு மட்டுமா?”

“எல்லாருக்கும்தான் அம்மா. மனிசராப் பிறந்த எல்லாருக்கும்.”

“அப்ப சரி,” என்று சொல்லி அவர் மீண்டும் கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த முறை ஆசிரியை படத்தாளை விரிக்கவில்லை. கொழுந்து கொட்டும் சாக்கொன்றை விரித்துப் பெண்களோடு பெண்ணாக அமர்ந்தார்.

“உங்களுக்கு இப்ப என்ன வேணும் எண்டு ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு.”

கான் வெட்டுபவரின் மனைவி, “பங்களா ரோட்டு,” என்றார்.

“றோட்டுப் போட்டுத் தரவேணுமோ?”

“ரோட்டு கெடக்குதுங்க. நடக்கத்தான் வேணும். புள்ளைங்க பஸ்ஸுக்குப் போகணும்ல.”

ஆசிரியையின் முகம் சற்றே வாடியது. வீடு, வாக்கு, குடியுரிமை என்று பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்திருப்பார். இருந்தும் அவர் விடவில்லை.

“ஓம், சரி. இதைத் துரையிட்டக் கேட்டனீங்களோ?”

மடுவமே சிரித்தது. துரையிடம் எவரும் எதையும் நேரிற் கேட்டதில்லை. தொழிலாளி கங்காணியிடம் சொல்வார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று துரையிடம் சொல்வார். போகும் வழியில் வேண்டுகோள் இளைத்துக்கொண்டே போகும். பல சமயங்களில் ஜன்னலை எட்டும்போது அதில் ஒரு கும்பிடு மட்டுமே எஞ்சியிருக்கும்.

“அப்ப நாங்கள் கேட்டுப் பழகுவம்,” என்றார் ஆசிரியை. “ஆர் துரையா நடிக்கிறது?”

எல்லா விரல்களும் சித்தப்பாவை நோக்கி நீண்டன. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஆண்டுதோறும் ரதியாக ஆடிப் பெயர் வாங்கியவர் அவர். துரையின் நடை, இருமல், தமிழ் மூன்றையும் துரை இல்லாத இடமெல்லாம் செய்து காட்டுவார். அந்த வாரந்தான் அப்பாவின் கோட்டு முதன்முறையாகப் பெட்டியை விட்டு வெளியேறியது.

கோட்டும் கக்கத்தில் இடுக்கிய குடையுமாக அவர் மடுவத்துக்குள் நுழைந்ததும் விநோதமான ஒன்று நிகழ்ந்தது. அமர்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தலைத்துண்டுகள் அவிழ்ந்தன. வாயிலிருந்த வெற்றிலை வெளியே போயிற்று. சித்தப்பாவோடு இத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்திய சித்தியே கைகளைக் கட்டிக்கொண்டு, “சலாம் ஐயா,” என்றார்.

சித்தப்பா துரையை மறந்தார். “அடியே, வீட்டுலயும் இப்படியே கூப்பிட்டா என்னா?”

“வீட்டுக்கு வாங்க, கூப்பிடுறேன்,” என்றார் சித்தி.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அதன் பிறகுதான் எல்லாரும் மீண்டும் அமர்ந்தார்கள். அன்று அந்த வகுப்பில் கற்றது அவ்வளவே. கோட்டைக் கண்டதும் எழாமல் இருப்பது.

பின்வந்த ஞாயிறுகளில் ஒத்திகை சூடு பிடித்தது. சித்தப்பா பெட்டியொன்றின் மேல் அமர்ந்து, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்போல், ‘முடியாது’ என்பதை வகைவகையாகச் சொன்னார். ரோட்டு அழுக்காகும் என்றார். துரைசாணியின் ரோசாப் பூவைப் பிள்ளைகள் பறிப்பார்கள் என்றார். பங்களா நாய் கடித்தால் யார் பொறுப்பு என்றார். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் விடை தேடினார்கள். தடுமாறுபவருக்கு ஆசிரியை விடையை எடுத்துக் கொடுப்பதில்லை. “நீங்களே யோசியுங்கோ. அந்த இடத்தில நான் பக்கத்தில நிக்கமாட்டன்,” என்பார். சித்தி ஒருவரே சித்தப்பாவை எளிதில் மடக்கினார். அவருக்கு வீட்டிலும் பயிற்சி இருந்தது.

“ஒங்க பாட்டன் இந்த ரோட்டுல நடந்தானா? அப்பன் நடந்தானா?” என்று சித்தப்பா ஒருநாள் உறுமினார்.

“எங்க பாட்டன்தாங்க இந்த ரோட்டயே போட்டாரு,” என்றார் சித்தி.

சித்தப்பா கோட்டுப் பொத்தானைத் திருகினார். மடுவத்தில் எழுந்த கைதட்டல் எங்கள் வீடுவரை கேட்டதாம். அப்பா புரண்டு படுத்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அம்மா எல்லா வகுப்புகளுக்கும் வந்தார். கவிழ்த்து வைத்த கூடையொன்றின் மேல், மற்றப் பெண்களுக்குச் சற்று விலகி, என்னை அருகில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். கங்காணியின் மனைவி முன்னிலையில் மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தாமும் வாய் திறக்கவில்லை. அப்பா வகுப்பை எதிர்க்கவுமில்லை, ஆதரிக்கவுமில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “கேக்குற மொறயில கேட்டா யாரும் குடுக்காம இருக்கமாட்டாங்க,” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

பாடசாலை திறக்கும் வாரம் நெருங்கியபோது, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டு முடிந்த கையோடு பெண்கள் ஆபீஸ் வாசலில் கூடினார்கள். அனைவரும் கோயிலுக்குப் போவதுபோல் வெளுத்த சேலை உடுத்தியிருந்தனர். நாங்கள் மூன்று பிள்ளைகளும் முன்வரிசையில் நிறுத்தப்பட்டோம். அப்பா கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில், கூரைத் தாழ்வாரத்தின் கீழ், மரியாதை எங்கும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்போல் நின்றார். அனைவருடைய கண்களும் ஜன்னலை நோக்கியிருந்தன.

துரை ஜன்னலுக்கு வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஒத்திகையில் இல்லாதது அது. மூக்குக் கண்ணாடி அணிந்த இளைஞர். முகத்தில் சிரிப்பு வேறு.

“என்னா, எல்லாரும் வந்திருக்கு? சொல்லுங்க.”

சித்தி ஓரடி முன்னால் வந்தார். “ஐயா, எங்க புள்ளைங்க பட்டணத்துப் பள்ளிக்கொடத்துக்குப் போகணும். பங்களா ரோட்டுல நடந்து போறதுக்கு…”

“ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டார் துரை. “போகட்டும்.”

சித்தி நிற்கவில்லை. நிற்கப் பழகியிருக்கவில்லை. “அப்படிச் சொல்லக் கூடாதுங்க. அந்த ரோட்டப் போட்டதே எங்க பாட்டன்தாங்க.”

“நான் ஒண்டும் சொல்லல தானே! போகட்டும் என்டுதான் சொன்னது.”

“நாய் கடிச்சா நாங்க பாத்துக்குவோம்.”

“நாயா? என்கிட்ட நாய் இல்லயே.”

துரை எங்கள் மூவரையும் குனிந்து பார்த்தார். “கங்காணி மகள் நல்லா படிக்கிறது என்டு கணக்கப்பிள்ளை சொன்னது. நல்லம். அந்தப் புள்ள ரோட்டால போகட்டும். வாச்சர்கிட்ட நான் சொல்றேன்.” இவ்வாறு சொல்லிவிட்டு, எனக்கு அருகில் நின்ற கான் வெட்டுபவரின் மகளுடைய தலையை அன்போடு தடவினார். “மத்த ஆக்கள் பழைய பாதையில போறது. எல்லாரும் போனா ரோடு என்னத்துக்கு ஆகும்?”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அப்பா இரு கைகளையும் கூப்பி, “பெரிய மனசுங்க ஐயா,” என்றார். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தார்கள். என் மகிழ்ச்சியோ எல்லை கடந்திருந்தது. துரை தடவிய தலை என்னுடையதல்ல என்ற ஒரு குறை மட்டுமே எனக்கு இருந்தது.

மலைப்பாதையின் திருப்பத்தில் சித்தப்பா காத்திருந்தார். “என்னா சொன்னாரு?”

“சரின்னு சொல்லிட்டாரு.”

“அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“நீங்க ஒரு தடவயாச்சும் சரின்னு சொல்லிப் பழக்குனீங்களா?” என்று சித்தி சீறினார்.

கணக்கப்பிள்ளையின் காதில் முன்கூட்டியே என்னைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவைத்தவர் அப்பாதான் என்பது அன்று மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் அவர் செய்தார். அதையும் உரிய முறையில், உரியவர் வழியாகச் செய்தார். அதனை நான் குறையாகக் கருதியதில்லை. ஆனால் மறுநாட் காலை மலையூற்றுப் பீலித் தண்ணீருக்கு நாங்கள் போனபோது, பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மாவின் குடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவ்வளவு மரியாதையை அவர்கள் அதற்குமுன் காட்டியதில்லை.

“நம்ம புள்ளைக்குக் கெடச்சிருச்சு,” என்றார் அப்பா இரவுச் சாப்பாட்டின்போது. “மத்தவங்க மெதுவாக் கேட்டுக்கட்டும்.”

அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே, “அவரு தடவுனது நம்ம புள்ள தலைய இல்லீங்க,” என்றார்.

பாடசாலை திறப்பதற்கு முந்திய நாள் ஞாயிறு. அந்த வகுப்புக்குச் சித்தப்பா கோட்டில்லாமல் சாரத்தோடு வந்தார். கோட்டின் செய்தி அறிந்த அப்பா பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். சித்தி நடந்ததையெல்லாம் ஆசிரியைக்குச் சொன்னார்.

“ஒத்துக்கிட்டாரு டீச்சர். அதுதான் இப்பப் பெரச்சன.”

ஆசிரியை சாக்கில் நிமிர்ந்து அமர்ந்தார். “அப்ப அதையும் பழகுவம். சரி எண்டு சொல்லுற துரையைச் செய்து காட்டுங்கோ.”

“கோட்டு இல்லாம எப்படிங்க?”

“சரி எண்டு சொல்லுற துரைக்குக் கோட்டுத் தேவையில்லை.”

சித்தப்பா பெட்டியின் மேல் அமர்ந்து, மிகவும் இனிமையாக, “கங்காணி மகள் போகட்டும்,” என்றார். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் அழத் தொடங்கினார். ‘முடியாது’ என்பதற்கு அத்தனை விடை வைத்திருந்தவர்களிடம் ‘சரி’ என்பதற்கு ஒன்றுமில்லை. இறுதியில் கான் வெட்டுபவரின் மனைவி சித்தப்பாவை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

“கங்காணியம்மா இன்னும் எதுக்கு இங்கன குந்திக்கிட்டு இருக்காங்க? அவங்க வந்த வேலதான் முடிஞ்சிருச்சே.”

எனக்கு முகம் சிவந்தது. எங்கள் வீட்டாரிடம் அவ்வாறு எவரும் பேசியதில்லை. அம்மா எழுந்து அப்போதே வீட்டுக்குப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா எழுந்தார். ஆனால் போகவில்லை.

“அக்கா, நாளைக்கு விடியக்காலம் ஒங்க மகள எங்க வீட்டுக்கு அனுப்பிவிடுங்க,” என்றார். பிறகு வாசல் கூட்டுபவரின் மனைவியைத் தேடித் திரும்பினார். அவர் எப்போதும்போல மடுவத்துக்கு வெளியே, கூரைநீர் விழும் இடத்தில் அமர்ந்திருந்தார். “நீங்களும் அனுப்புங்கக்கா. மூணு பேத்துக்கும் நானே தல பின்னி விடுறேன்.”

“எங்க மக… ஒங்க வீட்டுக்குள்ளயா?” என்றார் அவர்.

“வெளியில குளுருமே.”

ஆசிரியை வியப்போடு கேட்டார். “அம்மா, என்ன செய்யப் போறீங்கள்?”

“ஒண்ணும் செய்யலீங்க டீச்சர். தல பின்னி விடப் போறேன்.”

அன்று வழக்கத்தைவிட முன்கூட்டியே வகுப்பு முடிந்தது.

மறுநாட் காலை எங்கள் வீட்டில் நான் கண்ட காட்சியை இன்றும் மறக்க இயலவில்லை. வாசலுக்கு உட்புறம் விரித்த பாயில் கான் வெட்டுபவரின் மகள் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால், கதவோரமாக, எழுந்து ஓடத் தயாரானவள்போல் வாசல் கூட்டுபவரின் மகள். அம்மா எங்கள் எண்ணெய்ச் சிரட்டையிலிருந்து எண்ணெய் எடுத்து, எங்கள் சீப்பினால், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தலை வாரினார். அந்தச் சீப்பு எங்கள் குடும்பத்துக்கு மட்டுமானது என்பதை நான் அம்மாவுக்கு நினைவூட்டினேன். “தலையத் திருப்பாத,” என்பதே அவருடைய மறுமொழி. நடு உச்சி, இரட்டைப் பின்னல், காதுக்கு மேல் மடித்துக் கட்டிய வெள்ளை ரிப்பன். மூன்று தலைகளும் ஓர் அச்சில் வார்த்தவைபோல் ஆயின. மூவரும் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தோம். மூவருக்கும் தேங்காயெண்ணெய் வாசம் ஒன்றாகவே இருந்தது.

அப்பா பிரட்டுக்குப் புறப்பட்டு வந்தார். பாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ரிப்பனின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்கதவோரம் வாசல் கூட்டுபவரின் மகள் இருந்தமையால், அப்பா தேநீர்கூடக் குடிக்காமல், பின்கதவால் வெளியேறினார்.

பனி விலகாத நேரத்தில் அம்மா எங்களை இரும்புக் கேட்டுக்கு அழைத்துச் சென்றார். வாச்சர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றார். அவருக்கு என்னை நான் பிறந்த நாளிலிருந்து தெரியும். தேர்த் திருவிழாவில் என்னைத் தோளிற் சுமந்தவர். பங்களாத் தோட்டத்துக் கொய்யாப் பழத்தைத் துண்டில் மறைத்து எனக்குக் கொண்டுவந்து தருபவர்.

“கங்காணி புள்ள மட்டுந்தான்னு உத்தரவும்மா,” என்றார் அம்மாவிடம், மெல்லிய குரலில். “தொர வெராந்தாவுலதான் நிக்கிறாரு.”

தொலைவில், பங்களா விறாந்தையில், துரை தேநீர்க் கோப்பையோடு நிற்பது தெரிந்தது.

“உத்தரவு உத்தரவுதாண்ணே,” என்றார் அம்மா. “கங்காணி புள்ள இதுல இருக்கு. பாத்து விடுங்க.”

வாச்சர் எங்களைப் பார்த்தார். வாசல் கூட்டுபவரின் மகள் தன் பாதங்களையே நோக்கி நின்றாள். அவர் மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை கேட்டுக் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. வாச்சர் தலையைச் சொறிந்தார்.

“மூணும் ஒரே மாதிரியில்ல இருக்கு. எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

நான் திகைத்துப்போனேன். “நான்தான் மாமா!” என்றேன்.

“எல்லாப் புள்ளையும் அப்படித்தான் சொல்லும்.”

உண்மையை உரைப்பதில் எனக்குச் சிறுவயதிலிருந்தே தயக்கம் கிடையாது. “நான்தான் கங்காணி மக. இவ கான் வெட்டுறவரு மக. அவ வாசல்…”

“பொய் சொல்லாத பாப்பா,” என்று வாச்சர் அதட்டினார். பிறகு விறாந்தைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். “தெரியலையேம்மா! கங்காணி புள்ளயத் தடுத்துப்புட்டா நாளைக்கு எனக்கில்ல பேச்சு வரும்? நமக்கு எதுக்குப் பொல்லாப்பு? எல்லாம் போகட்டும்.”

கேட்டு திறந்தது. நாங்கள் மூவரும் தார் ரோட்டில் நடந்தோம். அது காலுக்கு இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பங்களாவைத் தாண்டுகையில் துரை எங்களைப் பார்த்தார். மூன்று வரை எண்ணத் தெரியாதவர் அல்லர் அவர். கோப்பையில் எஞ்சியிருந்ததைக் குடித்துவிட்டு உள்ளே போனார். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா கேட்டுக்கு அப்பாலேயே நின்றார். எங்களைக் கூட்டி வந்தவர், தாம் மட்டும் அந்த ரோட்டில் ஓரடியும் வைக்கவில்லை.

பட்டணத்துப் பாடசாலையின் முதல் நாளைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. நாள் முழுவதும் வாச்சர் மாமா என்னைப் பொய்க்காரி என்றதே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மாலையில் அப்பா வீட்டுப்படி ஏறியதும் முறையிட்டேன். வாச்சர் மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்றேன். பிறந்த நாளிலிருந்து பார்த்த என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றேன். அப்படிப்பட்டவரைக் காவலுக்கு வைத்திருப்பது தோட்டத்துக்கு நல்லதல்ல, துரையிடம் சொல்லி உடனே வேறு ஆளை வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அப்பா தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றார்.

“ஆமாம்மா, பாவம்,” என்றார் அப்பா கடைசியில். “அவருக்குக் கொஞ்ச நாளாவே பார்வ சரியில்லத்தான். சொல்லிப் பாக்குறேன்.”

அம்மாவின் தோள்கள் குலுங்கின. விறகு ஈரம், புகை கண்ணைக் கரிக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா சொல்லிப் பார்த்தாரோ இல்லையோ, வாச்சர் மாற்றப்படவில்லை. ஆண்டுக்காண்டு அந்தக் கேட்டின் முன்னால் வெள்ளைச் சட்டைகள் பெருகின. பனியிலும் மழையிலும் அவர் தவறாமல் எங்களை நிறுத்தி, “இதுல கங்காணி புள்ள யாரு?” என்று கேட்பார். நான் நிமிர்ந்து நின்று விடை சொல்வேன். அவர் கண்களைச் சுருக்கி என்னை ஏற இறங்கப் பார்த்து, தலையை அசைத்து, கேட்டின் இரு கதவுகளையும் அகலத் திறந்துவிடுவார். நான் ஒவ்வொரு நாளும் உண்மையையே சொன்னேன். அவர் ஒரு நாளும் அதை நம்பவில்லை. இந்த மனிதருக்கு யாராவது ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று, பஸ் வரும்வரை நான் மற்ற இருவரிடமும் குறைபட்டுக்கொண்டே நிற்பேன். அவர்கள் ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.